வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

வில்லாபுரம், மதுரை
12.7.2023

பெறுநர்:
திரு. வெங்கடரமணன் அவர்கள்,
உரிமையாளர், ராதா ஹோம் நீட்ஸ்,
ஆரப்பாளையம், மதுரை.

ஐயா,

தங்கள் கடையில் 2021ஆம் வருடம் மே மாதம் நான் வாங்கிய வாஷிங் மெஷின் (முன்பக்கம் கதவு உள்ளது) போன மாதம் முதல் ஓடவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பில் நகல் இணைத்துள்ளேன்.

இதுவரைக்கும் ஒழுங்காக எழுதிவிட்டேன். இதுக்கு மேல் இப்படி எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. துணி சுத்தும்போது டின்னுக்குள் கல் உருளுகிற மாதிரி. ஒரு நாள் காலையில் டிரம் அப்படியே கீழே இறங்கி நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். டிரம்மைத் தாங்கிப் பிடிக்கிற மூன்று கை உள்ள உலோகம் உப்புப் பூத்து உடைந்துபோயிருக்கிறது என்றார். எனக்கும் காட்டினார். கையால் தொட்டால் உதிர்ந்தது. அது மட்டும் தனியாகக் கிடைக்காதாம், மொத்த டிரம்மையும் மாற்றணுமாம். அதுக்குச் சொன்ன விலை புது மெஷினில் பாதிக்கு மேல். வாரண்டி ரெண்டு வருஷம், மே மாதத்தோடு முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மெஷின் மேலேயே "மோட்டாருக்குப் பத்து வருடம்" என்று பெரிசாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உங்கள் கடையில் அதைக் காட்டித்தான் விற்றார்கள். கேட்டால், மோட்டார் நல்லாத்தானே இருக்கு என்கிறார். மோட்டார் நல்லாத்தான் இருக்கிறது. அது சுற்றவேண்டிய டிரம்தான் இல்லை.

உங்கள் கடைக்கு எத்தனையோ தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் எடுத்து, கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டேன். தயாரிப்பிலேயே குறை இருந்தால் வாரண்டி முடிந்த பிறகும் கேட்கலாம், ஆனால் போனில் கேட்காதீர்கள், எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று போனை எடுத்த அம்மா சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தெற்குவாசலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். சீட்டு எடுத்து வாங்கிய மெஷின். இலவசமாகச் சரி செய்து தரவேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
ச. பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
24.7.2023

திருமதி பாண்டிச்செல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

நாங்கள் விற்பனையாளர் மட்டுமே. பொருளைத் தயாரிப்பதும் பழுது பார்ப்பதும் கம்பெனியின் பொறுப்பு. இருந்தாலும் நீண்டநாள் கடை என்ற முறையில் தங்கள் விஷயத்தைக் கம்பெனிக்கு எழுதி, ஏதாவது சலுகை தர முடியுமா என்று கேட்டோம். அவர்கள் அனுப்பிய சர்வீஸ் அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் "வணிகப் பயன்பாடு" என்ற கட்டத்தில் டிக் செய்யப்பட்டிருக்கிறது. மாடிக் கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள் காய்ந்ததாகவும், சலவைத் தொழிலுக்கு மெஷின் பயன்படுத்தப்படுவதாகவும் டெக்னீஷியன் எழுதி, புகைப்படமும் எடுத்திருக்கிறார். இந்த மெஷின் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. எனவே சலுகை எதுவும் தருவதற்கில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஆடித் தள்ளுபடியோடு கூடுதலாகவும் குறைத்துத் தரச் சொல்கிறேன். தாங்கள் பதிவுத் தபால் அனுப்பியிருக்க வேண்டாம். நேரில் வந்திருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். இத்தனை வருட வியாபாரத்தில் ஒரு வாடிக்கையாளரும் எனக்குப் பதிவுத் தபால் அனுப்பியதில்லை.

இப்படிக்கு,
கே. வெங்கடரமணன்


வில்லாபுரம்
27.7.2023

வெங்கடரமணன் சாருக்கு,

உங்கள் கவரை மருந்துக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். படித்ததும் வந்த ஆத்திரத்தில் ஒரு பில்லைத் தப்பாகப் போட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

நான் சலவைத் தொழில் செய்கிறேனா? எந்தத் தெருவில் போய் வேண்டுமானாலும் கேளுங்கள். சலவைத் தொழில் கேவலம் என்று சொல்லவில்லை. செய்யாததைச் செய்கிறேன் என்று எழுதுவதைச் சொல்கிறேன். அந்தத் தம்பி மாடிக்குப் போனது எனக்குத் தெரியும். பைப்பைப் பார்க்கிறேன் என்று போனார். அம்புட்டுத் துணி ஏன் காயுது அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அறிக்கைக்குக் கீழே உங்கள் கடை முத்திரை இருக்கிறது, சார். நீங்களும் கேட்கவில்லை.

அந்தத் துணியெல்லாம் என் வீட்டுத் துணி. அதுக்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

புது மெஷின் வேண்டாம். நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகிறேன். பொருள் விலை அஞ்சு லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ச. பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
9.10.2023

திருமதி பாண்டிச்செல்வி அவர்களுக்கு,

நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. முதலாம் எதிர்தரப்பினர் என்ற இடத்தில் என் பெயரும் என் கடையின் பெயரும் இருக்கின்றன. கம்பெனி இரண்டாவதாகத்தான் இருக்கிறது. தபால்காரர் கொண்டு வந்தபோது நான் கடையில் இல்லை. என் மனைவி ராதாமணிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவள் பெயரில்தான் கடையே நடக்கிறது. அன்று பூராவும் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. இதை எதற்கு உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

வக்கீல், உங்களோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் பேசவில்லை, எழுதுகிறேன்.

கம்பெனித் தரப்பு வக்கீல் எனக்காக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து அனுப்பியிருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். மெஷினை வாங்கும்போதே நீங்கள் துணி வெளுத்துக் கொடுக்கும் தொழிலுக்கு என்று சொன்னதாகவும், வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் என்று நான் எச்சரித்ததாகவும் அதில் இருக்கிறது. அப்படி ஒரு பேச்சு நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் முகமே எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை.

கையெழுத்துப் போடும் முன் உங்கள் வீட்டை ஒருமுறை பார்க்க நினைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். வரவேண்டாம் என்றால் கடைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கே. வெங்கடரமணன்


வில்லாபுரம்
16.10.2023

சாருக்கு,

வரவேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம், பார்த்தே தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, காப்பியைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் பார்த்ததை இப்போது எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். எங்க வீட்டுக்காரர் சங்கிலி, மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் கிரேன் ஓட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லைத் தூக்கும்போது கிரேன் சாய்ந்துவிட்டது. முதுகெலும்பில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் இருந்தோம். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் கிடையாது. விரிப்பு நனைந்தபடி கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். வந்து ஒரு தடவை பட்டிருக்கிறோம். அதனால் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்கணும். அதுதான் உங்கள் டெக்னீஷியன் பார்த்த சலவைத் தொழில்.

நீங்கள் போன பிறகு வீட்டில் ஒரே சண்டை. யாரைக் கேட்டு அந்த ஆளை உள்ளே விட்டே என்றார். கேஸை வாபஸ் வாங்கு என்றார். என் மூத்திரத் துணியைக் கோர்ட்டில் காட்டி ஜெயிக்கப் போறியா என்று கேட்டார். கிரேனில் ஏறி உட்கார்ந்தால் அம்பது பேர் அண்ணாந்து பார்த்த மனுஷன் சார். இப்போது சொந்தக்காரர்கள் வந்தால்கூட போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொள்வார்.

அதனால் உங்களிடம் ரெண்டு விஷயம் கேட்கிறேன். பொய்யான பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே நேரம், நீங்கள் இங்கே பார்த்ததையும் எழுதாதீர்கள். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். டாக்டர் சீட்டு எதையும் நான் கோர்ட்டில் கொடுக்கப் போவதில்லை.

பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
2.11.2023

அம்மா பாண்டிச்செல்விக்கு,

காப்பியைக் குடித்திருக்க வேண்டும். என் வீட்டில் ராதாமணியும் அதையேதான் சொன்னாள்.

அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் கம்பெனியின் ஏரியா மேனேஜர் கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது, தீபாவளிக்குச் சரக்கு கொஞ்சம் தாமதமாகலாம் என்றார். தீபாவளிக்குப் பத்தே நாள்தான் இருக்கிறது. இன்னும் ஒரு பெட்டிகூட வரவில்லை. இதை உங்கள் தலையில் போடுவதற்காக எழுதவில்லை. நடப்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

நானே ஒரு பத்திரம் எழுதித் தாக்கல் செய்யப்போகிறேன். இதே மாடலில் இதே இடத்தில் உடைந்து என் கடைக்குப் புகார் வந்த மெஷின்கள் வேறு சிலவும் உண்டு. எல்லாம் வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் வந்தவை. அவர்கள் யாரும் உங்களைப் போலக் கேட்கவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் சந்தோஷமாக விற்றேன். அதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் மெஷின் வீட்டு உபயோகத்தில்தான் இருந்தது என்றும் எழுதுகிறேன். கட்டிலைப் பற்றியோ அவரைப் பற்றியோ ஒரு எழுத்தும் இருக்காது.

ஆனால் ஒன்று. என் பத்திரம் போதாது. கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். அந்தப் புகைப்படத்தை எடுத்துக் காட்டி, ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இத்தனை விரிப்பு எதற்கு என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதற்கு என்னாலும் பதில் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல மாட்டீர்கள். கேஸ் அந்த இடத்தில் நின்றுபோகும்.

உங்கள் வீட்டுக்காரர் மனதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவருடைய விஷயம். என்ன கேள்வி வரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டேன்.

கே. வெங்கடரமணன்


வில்லாபுரம்
20.1.2024

சாருக்கு,

பதில் எழுத இம்புட்டு நாளாகிவிட்டது. தீபாவளி உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொம்ப நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் கையால்தான் துவைக்கிறேன். மார்கழிப் பனியில் தண்ணீரில் கை வைத்தால் விரலெல்லாம் வெடித்துவிட்டது. டெட்டால் பட்டால் எரியும். வேலைக்குத் தினமும் லேட். முதலாளி ஒரு நாள், உன்னால் முடியலேன்னா சொல்லிரும்மா, வேற ஆள் பார்த்துக்கிறேன் என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் போனில் பக்கத்துக் கவுண்ட்டர் பவதாரிணியிடம் புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒரு நாள் சாயந்திரம், கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "அந்த வக்கீலு என்ன கேப்பாருன்னு எழுதியிருந்தாரு?" என்றார். மறுபடி படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"நீ ஒண்ணும் சொல்லாத. டாக்டர் சீட்டும் காட்டாத. எம் பின்னாடி யாரும் என்னயப் பத்திப் பேச வேணாம். கேக்குறத எங்கிட்ட கேக்கட்டும். நான் சொல்றேன்."

அவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று பயந்தேன். ஆணையத்து ஆபீசில் விசாரித்தேன். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாமாம். மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் 14 தேதி போட்டிருக்கிறார்கள்.

பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
6.3.2024

அம்மா பாண்டிச்செல்விக்கு,

தேதி எனக்கும் வந்தது. அன்று நான் நேரில் அங்கே இருப்பேன்.

போன் கையில் பிடித்தால் ஆடும். கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு ஏதாவது முட்டுக் கொடுத்து வையுங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் கருப்பாகத்தான் தெரியும், எதிரே இருக்கட்டும். சார்ஜ் போட்டு வையுங்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால் போதும்.

கே. வெங்கடரமணன்


வில்லாபுரம்
14.3.2024

சாருக்கு,

இன்றைக்கே எழுதிவிட்டால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது. அங்கே என்ன ஆச்சு என்று எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பேசிய கொஞ்ச நேரத்தில் நெட் போய்விட்டது.

காலையிலேயே ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். பெட்டியிலிருந்து சந்தனக் கலர் சட்டையை எடுக்கச் சொன்னார். குவாரிக்குப் போன காலத்துச் சட்டை, இப்போது தொளதொள என்று இருக்கிறது. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். போர்வையை மார்புவரை இழுத்துவிட்டேன். அவர் கையால் அதை இடுப்புக்கு இறக்கிவிட்டார்.

ரெண்டு நாளாக நிறையச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் சாய்ந்ததிலிருந்து ஆரம்பித்து, மெஷின் வாங்கியது, டெக்னீஷியன் வந்தது எல்லாம். நானும் சரி, சொல்லுங்க என்று விட்டிருந்தேன். ஆனால் அந்த வக்கீல் போட்டோவைக் காட்டி, நீங்கள் எழுதியபடியே, இத்தனை விரிப்பு ஒரு வீட்டுக்கு எதற்கு என்று கேட்டதும் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. நான் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நானே சொல்லிவிடலாமா என்று இருந்தது. என்னைப் பார்த்துக் கையை லேசாக அமர்த்திக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"அய்யா, அது அம்புட்டும் என் துணிங்க. எனக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கெடையாது. எப்ப நனையிதுன்னு எனக்கே தெரியாது. எம் பொண்டாட்டி தொட்டுப் பாத்துத்தான் மாத்துவா. ராத்திரியும் எந்திரிச்சுப் பாப்பா. அந்த மெஷினு இல்லாம அவ கை போச்சுங்க."

அம்புட்டுத்தான் சொன்னார். அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, சார். நாலு வருஷத்தில் ஒரு நாளும் அவர் அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை. விரிப்பை மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன், அப்படி நினைக்கத்தான் ரெண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

அப்புறம் படம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே யாராவது சிரித்தார்களா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் எழுதணும்.

பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
18.3.2024

அம்மா பாண்டிச்செல்விக்கு,

யாரும் சிரிக்கவில்லை. அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சுவரில் மாட்டிய டிவியில்தான் அவர் முகம் தெரிந்தது. வேறு கேஸுக்காகக் காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பேச ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. சொல்லி முடித்த பிறகு ஆணையத் தலைவர், கம்பெனி வக்கீலைப் பார்த்து இன்னும் கேள்வி இருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார். போட்டோவைத் தன் கோப்புக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். அவரும் மனுஷர்தான், பிறகு வராந்தாவில் என்னைப் பார்த்தபோது, முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த வழியில் போயிருக்க மாட்டேன் என்றார். யாரும் கேட்கவில்லையே என்றேன்.

பிறகு கம்பெனியின் இன்ஜினீயரைத் தலைவர் கூப்பிட்டார். இந்த மெஷினின் டிரம் எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, பத்து வருடமாவது என்றார். அப்படியானால் இரண்டு வருடத்தில் உதிர்ந்துபோனது எதனால் என்றார். தண்ணீர், உப்பு, சோப்புத் தூள் என்று இன்ஜினீயர் அடுக்கினார். வாஷிங் மெஷினில் தண்ணீரும் சோப்புத் தூளும்தானே போடுவார்கள் என்று கேட்டார் உறுப்பினராக இருக்கிற அம்மா. வாரண்டி என்பது கம்பெனி தானாகத் தரும் வாக்குறுதி, குறையுள்ள பொருளை விற்றதற்கு அதை மறைப்பாகக் காட்ட முடியாது என்ற மாதிரி தலைவர் ஒன்று சொன்னார். சரியான வார்த்தை எனக்கு ஞாபகமில்லை.

கடைசியாக என்னைக் கேட்டார்கள். கடைமேல் வருத்தமில்லை, கடையிடம் எதுவும் வேண்டாம் என்று நீங்கள் பிறகு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாமே. எனக்கு அது அங்கேதான் தெரிந்தது. என்னை விடுவித்துவிடலாமா என்றார் தலைவர். வேண்டாம் என்றேன். விற்றது நான். அந்தத் தப்பான அறிக்கையை விசாரித்துப் பார்க்காமல் முத்திரை குத்தியதும் என் கடைதான். கம்பெனிக்கு என்ன உத்தரவோ அதுவே எனக்கும் இருக்கட்டும் என்றேன். என் வக்கீல் கோப்பை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உத்தரவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியின் ஏஜென்சியை இந்த மாதத்தோடு விட்டுவிட்டேன். அவர்கள் எடுப்பதற்குள் நானே கொடுத்துவிட்டேன் என்று ராதாமணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முழு உண்மை இல்லை. ஏறக்குறைய ஒரே நாளில் இரண்டும் நடந்தன.

அவருடைய சட்டை நன்றாக இருந்தது.

கே. வெங்கடரமணன்


வில்லாபுரம்
3.7.2024

சாருக்கு,

உத்தரவு நகல் உங்களுக்கும் வந்திருக்கும். கம்பெனியும் கடையும் சேர்ந்து டிரம்மை இலவசமாக மாற்றித் தரணும், மாற்றியதுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி தரணும், எனக்கு மன உளைச்சலுக்கு ஒரு தொகையும் தரணும் என்று இருக்கிறது. வணிகப் பயன்பாடு என்று எழுதியது ஆதாரமில்லாதது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அவர் ரெண்டு தடவை படித்தார்.

கம்பெனி அப்பீல் போகலாமா என்று யோசிக்குது என்றார்கள். அதுக்குள் நீங்கள் உங்கள் கைக்காசில் டிரம்மை வாங்கி, ஆளையும் அனுப்பிவிட்டீர்கள். கம்பெனி தரட்டும் என்று பொறுத்திருக்கலாமே, சார். அதைச் சொல்ல, உங்களுக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்று உங்கள் மெக்கானிக்கிடமே கேட்டேன். முதலாளி உங்களோடு போனில் பேச மாட்டார், எழுதித்தான் அனுப்புவார் என்று அந்த அண்ணன் சிரிக்கிறார். மெஷின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. என் விரலும் ஆறிவிட்டது. வேலைக்கு நேரத்துக்குப் போகிறேன்.

ஒரு விஷயம் சொல்லணும். கேஸ் விஷயம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின்வீட்டில் ஒருத்தர் ரிப்பேரான ஏ.சி. பில்லைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்படி எழுதினீங்க என்று கேட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் அவரை உட்கார வைத்து விசாரித்து, போனில் எல்லாம் தேடிப் படித்து, என் பழைய கடிதத்தைப் பார்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள். இப்போது சாயந்திரம் நான் திரும்பி வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பிதான் கட்டுப்படியாகவில்லை.

நேற்று முருகம்மாள் என்று ஒரு அம்மா மிக்ஸியோடு வந்துவிட்டார்கள். வாரண்டி முடிந்து மூணு மாசத்தில் மோட்டார் எரிந்துவிட்டதாம். அவர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உங்கள் கடை பில், சார்.

அந்த அம்மாவிடம், நாலு நாள் பொறுங்கம்மா, மொதல்ல ஒரு இடத்துல கேட்டுட்டுச் சொல்றேன் என்று அனுப்பி வைத்திருக்கிறார். என்ன செய்வது என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

பாண்டிச்செல்வி


ஆரப்பாளையம்
6.7.2024

அம்மா பாண்டிச்செல்விக்கு,

முருகம்மாளை மிக்ஸியோடு கடைக்கு வரச் சொல்லுங்கள். பார்த்துச் செய்து கொடுக்கிறேன்.

ஆனால் சங்கிலி அந்தப் புகாரை எழுத்தில் எழுதி, தேதி போட்டு, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போனால் என் கடைப் பையன்கள் கம்பெனியைக் கேளுங்கள் என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. வருகிறேன். காப்பி குடிப்பேன்.

கே. வெங்கடரமணன்